ஒரே பாட்டு, மூன்று நீளம், மூன்று சுருதி: பழைய இந்திப் படங்களில் எது அசல்?

மேட்னி மங்கை
ஐம்பதுகள், அறுபதுகளின் இந்திப் பாட்டுகளைத் தொகுக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. ஒரே பாட்டு இசைத்தட்டிலிருந்து வந்த கோப்பில் மூன்றே கால் நிமிடம் இருக்கிறது. படத்தின் டிவிடியில் ஒரு சரணம் கூடுதல், ஆனால் பாடகி லதா மங்கேஷ்கரின் குரல் ஏதோ அவசரத்தில் பாடுவதுபோல மேலே நிற்கிறது. யூடியூபில் இன்னொரு பிரதி, அது இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. மூன்றில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது?

இசைத்தட்டு ஈஸ்வரன்
நீளம் வேறு, சுருதி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நீளத்துக்குக் காரணம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று முதல் மூன்றரை நிமிடம்தான் அடங்கும். படத்தில் ஐந்து நிமிடம் ஓடும் பாட்டைத் தட்டுக்குக் கொண்டுவர இரண்டே வழி. முன்னிசையையும் ஒரு சரணத்தையும் வெட்டுவது ஒன்று, இரண்டு பக்கமாகப் பிரித்து பாகம் 1, பாகம் 2 என்று போடுவது மற்றது. ஆரம்ப காலத்தில் தட்டுக்கென்று தனியாகவே மறுபடி பாடிப் பதிந்ததும் உண்டு. அப்படிப்பட்ட பாட்டில் இடையிசையும் குரலின் சங்கதியும் படத்தோடு ஒத்துவராது. அது பிழை இல்லை, இரண்டும் வெவ்வேறு பதிவு. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளை மட்டும் நம்பிப் பட்டியல் போட்டாலும் சிக்கல். 'மஹல்' (1949) படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' தட்டில் பாடியவர் பெயர் 'காமினி'. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியது யார் என்று நேயர்கள் கேட்டுக் கேட்டுத்தான் வானொலியில் லதாவின் பெயர் வெளியே வந்தது.

நாலாவது ரீல்
சுருதி விஷயத்தை நான் சொல்கிறேன். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். நம் தூர்தர்ஷன் காலத்து PAL என்ற ஒளிபரப்பு முறை வீடியோ நொடிக்கு 25. படத்தை வீடியோவாக்கும்போது ஒரு ஃபிரேமை எங்கிருந்து கொண்டுவருவது? கொண்டுவரவில்லை, படத்தையே 25-இல் ஓட்டிவிட்டார்கள். அதனால் வேகம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகமாகக் கூடுகிறது, சுருதியும் கூடவே ஏறுகிறது. ஹார்மோனியத்தில் பக்கத்துக் கட்டைக்குப் போகும் தூரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த டேப்பிலிருந்தே விசிடி, டிவிடி, இணையப் பிரதி எல்லாம் பிறந்ததால் நோய் எல்லாவற்றிலும் தொற்றியிருக்கிறது.

சரிசெய்வது எளிது. ஆடியோ மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையை எடுத்து 4 சதவீதம் குறையுங்கள் (24 ÷ 25 = 0.96). சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் கட்டளையைத் தொட வேண்டாம். அது குரலின் கார்வையில் ஒரு நடுக்கத்தைச் சேர்த்துவிடும்.

மேட்னி மங்கை
ஆனால் எந்தப் பிரதிக்கு இந்த நோய் இருக்கிறது, எதற்கு இல்லை என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் 4 சதவீதம் குறைத்தால் நல்லதையும் கெடுத்துவிடுவேனே.

நாலாவது ரீல்
படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். அதில் படத்தின் நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும், ரீல் எண்ணிக்கையும் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 என்றால் நிமிடத்துக்கு 90 அடி, மீட்டரில் 27.4. சான்றிதழில் 14,400 அடி என்று போட்டிருந்தால் 160 நிமிடம் ஓட வேண்டும். கையிலிருக்கும் பிரதி 153, 154 நிமிடத்தில் முடிந்து, கதையில் வெட்டும் தெரியவில்லை என்றால் அது 25-இல் ஓடிய பிரதி.

ஒரு எச்சரிக்கை. மறுவெளியீட்டுக்கு வாங்கிய சான்றிதழில் நீளம் குறைந்திருக்கும், ஆகவே தேதியையும் பாருங்கள். ரீல் மாறும் இடங்களில் சில நொடி காணாமல் போவதும் சகஜம். பல வருடம் புரொஜெக்டரில் ஓடிய பிரிண்டின் தலையும் வாலும் கிழிந்து ஒட்டப்பட்டிருக்கும். அதனால்தான் பாட்டு நடுவே ஒரு சொல் திடீரென்று விழுங்கப்படுகிறது.

சிற்றலை சின்னத்தம்பி
ஈஸ்வரன் சார், தட்டுப் பதிவுதான் நாடு முழுக்க ஒலித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டதும் நேயர்கள் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். ரேடியோ சிலோனின் இந்திச் சேவையில் 1952 டிசம்பரில் அமீன் சயானியின் பாட்டு வரிசை நிகழ்ச்சியான 'பினாகா கீத்மாலா' ஆரம்பமானது. புதன்கிழமை இரவு எட்டு மணி. வரிசையைத் தீர்மானித்தது தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் கடிதங்களும். டில்லி 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியின் விவித பாரதி சேவையைத் தொடங்கியதே இந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான். ஆக, மக்கள் மனதில் தங்கிய வடிவம் தட்டு வடிவம். கூடுதல் சரணம் தியேட்டருக்குப் போனவர்களுக்கு மட்டும் கிடைத்த சொத்து.

பல்லவி_அனுபல்லவி
அந்தக் காலப் பதிவில் குரலுக்கும் வாத்தியத்துக்கும் இருக்கும் இடைவெளி இப்போதைய பாட்டில் கிடைப்பதில்லையே, ஏன்? எல்லாம் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலிதானே?

இசைத்தட்டு ஈஸ்வரன்
மோனோ என்பதால்தான். மைக் ஒன்றோ இரண்டோதான். யார் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை நிற்கும் தூரத்தை வைத்தே முடிவு செய்தார்கள். பாடகர் மைக்கை ஒட்டி. வயலின்கள் அரைவட்டமாகப் பின்னால். தபலா, டோலக் இன்னும் தள்ளி. இடையிசையில் தனியாக வாசிக்க வேண்டிய குழல்காரர் தன் முறை வரும்போது ஓசைப்படாமல் முன்னால் வந்து வாசித்துவிட்டுப் பின்னால் போய்விடுவார். இந்தச் சமநிலையைப் பிடிக்கவே அரை நாள் ஒத்திகை போய்விடும்.

ஒலியை ஒளித்தடமாக ஆப்டிகல் ஃபிலிமில் பதிந்த காலத்தில் இன்னொரு சங்கடம். ஃபிலிமைக் கழுவி எடுக்கும்வரை பதிந்ததைக் கேட்க முடியாது. கடைசிச் சரணத்தில் யாராவது தும்மினால் மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. பகலில் படப்பிடிப்புச் சத்தம் என்பதால் பதிவை இரவுக்குத் தள்ளினார்கள். மின்விசிறி ஓசை விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். காந்த நாடா வந்த பிறகுதான் பதிந்ததை உடனே கேட்கும் வசதி கிடைத்தது. தார்தேவ் ஃபேமஸ் ஸ்டூடியோவின் மினூ கத்ரக் போன்ற ஒலிப்பதிவாளர்கள், இசையமைப்பாளர்கள் ஷங்கர்-ஜெய்கிஷனுக்கு வாத்திய அமைப்பு செய்த கோவாக்காரர் செபாஸ்டியன் டிசூசா போன்றவர்கள் இல்லாமல் அந்த ஒலி இல்லை. தட்டில் இவர்கள் பெயர் வராது.

'ஆயேகா ஆனேவாலா'வின் தொடக்க வரிகளைக் கவனியுங்கள். குரல் எங்கோ தொலைவிலிருந்து நடந்து வருகிறது. இசையமைப்பாளர் கேம்சந்த் பிரகாஷ். மைக்கை அறை நடுவில் வைத்துவிட்டு லதாவை மூலையிலிருந்து பாடிக்கொண்டே நடந்துவரச் செய்தார்கள். சத்தத்தைக் குமிழ் திருப்பிக் கூட்டியிருந்தால் இந்த உணர்வு வராது. தூரத்தில் நிற்கும்போது சுவரில் மோதித் திரும்பும் ஒலி மைக்கில் அதிகம் விழும், நேர்க்குரல் குறைவாக விழும். கிட்டே வர வர அந்த விகிதம் தலைகீழாகும். நம் காது தூரத்தை அந்த விகிதத்தில்தான் அளக்கிறது. இரைச்சல் நீக்குகிறேன் என்று மென்பொருளில் முரட்டுத்தனமாக வடிகட்டினால் முதலில் சாவது இந்த அறை ஒலிதான். லதா நடக்காமல் நின்றுவிடுவார்.

கறுப்புவெள்ளை
ஒலிக்கு இவ்வளவு என்றால் படத்துக்கும் இதே கதைதான். 'காகஸ் கே ஃபூல்' (1959) இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். குரு தத் இயக்கம், வி.கே. மூர்த்தி ஒளிப்பதிவு. அகலம் உயரத்தைப்போல 2.35 மடங்கு. பழைய டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிய பிரதியில் அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் போய்விடும். அதில் வரும் 'வக்த் நே கியா' பாட்டில் குரு தத்தும் வஹீதா ரஹ்மானும் வெற்று ஸ்டூடியோவில் விலகி நிற்பதுதான் காட்சியின் பொருளே. வெட்டிய பிரதியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருப்பார்.

எதிர்த்திசையிலும் கொலை நடக்கிறது. 'ப்யாசா' போன்ற படங்கள் 1.37 விகிதம், ஏறக்குறைய சதுரம். இப்போதைய அகலத்திரை டிவியை நிரப்ப மேலும் கீழும் வெட்டுகிறார்கள். உயரத்தில் 23 சதவீதம் காலி. நெற்றியும் கைவிரலும் போனபிறகு நடிப்பில் என்ன மிச்சம்? திரையின் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை இருந்தால் கோபப்படாதீர்கள். அதுதான் சரியான பிரதி.

மேட்னி மங்கை
'வக்த் நே கியா' பாட்டில் மேலிருந்து விழும் ஒளித்தூண் எப்படி எடுத்தது? பெரிய ஆர்க் விளக்கா?

கறுப்புவெள்ளை
சூரியன். வெளியே ஒரு பெரிய கண்ணாடியை வைத்து வெயிலை ஸ்டூடியோவுக்குள் திருப்பினார்கள். உள்ளே மேலே விளக்கு கட்டும் பலகைத் தளத்தில் இன்னொரு கண்ணாடி, அது வெயிலைக் கீழே இறக்கியது. விளக்கால் இதைச் செய்ய முடியாததற்குக் காரணம், விளக்கின் ஒளி ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிப் போகப் போக விரியும். வெயிலின் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருவதால் தூண் மேலேயும் கீழேயும் கிட்டத்தட்ட ஒரே பருமனில் நிற்கிறது.

சிக்கல்கள் இரண்டு. ஒன்று, சூரியன் காத்திருக்காது. மணிக்கு 15 டிகிரி நகரும். 60 அடி தள்ளி ஒளி விழுகிறது என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் ஓடிப்போகும். ஷாட்டுக்கு ஷாட் வெளிக்கண்ணாடியைத் திருப்ப ஆள் வேண்டும், மேகம் வந்தால் எல்லோரும் சும்மா உட்கார வேண்டும். இரண்டு, புகை. காற்றில் துகள் இல்லையென்றால் ஒளித்தூணே கண்ணுக்குத் தெரியாது. அதிகமானால் பின்னணிக் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும். புகை விட்டு, கதவைச் சாத்தி, அது சீராகப் பரவும்வரை பொறுத்துத்தான் கேமராவை ஓட்ட வேண்டும்.

அதே மூர்த்தி 'சாஹிப் பீபி அவுர் குலாம்' (1962) முஜ்ரா பாட்டு ஒன்றில் மீனூ மும்தாஜ் மேல் மட்டும் ஒளியை வைத்து, சுற்றி ஆடுபவர்கள் முகத்தை முழுக்க நிழலில் தள்ளியிருப்பார். துணை நடனக்காரர்களின் முகம் குரு தத்துக்குப் பிடிக்காததால் வந்த யோசனை. குறையை மறைக்கப் போய் அந்தக் காலத்தின் மிகச்சிறந்த ஒளியமைப்புகளில் ஒன்று பிறந்தது. பின்னாளில் ஃபால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளரும் அவரே.

கலர்ஃபுல் கணேசன்
இவ்வளவு பேசுகிறீர்கள், வண்ணமேற்றிய 'முகல்-ஏ-ஆஸம்' பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. 2004-இல் அது வந்ததால்தான் ஒரு தலைமுறை அந்தப் படத்தை தியேட்டரில் பார்த்தது. கறுப்புவெள்ளையில் விட்டிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

கறுப்புவெள்ளை
கூட்டம் வந்தது உண்மை. வண்ணமேற்றுவதற்கு முன் நெகடிவைத் துப்புரவாக்கிச் செப்பனிட்டார்களே, அது நிஜமான லாபம். ஆனால் வண்ணம் வேறு. கறுப்புவெள்ளைக்கு ஒளியமைப்பவர், முகத்தைப் பின்சுவரிலிருந்து பிரிக்கத் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கூர்மையான ஒளியைப் போடுவார். நிறத்தால் பிரியாததை வெளிச்சத்தால் பிரிக்கும் உத்தி அது. மென்பொருள் அந்த வெளிச்ச அளவை அப்படியே வைத்துக்கொண்டு மேலே நிறத்தைப் பூசுகிறது. நிறமும் பிரிக்கிறது, வெளிச்சமும் பிரிக்கிறது. அதனால் ஆட்கள் வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறார்கள். இசையையும் ஆறு தட ஒலிக்காகப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். மேலே ஈஸ்வரன் சொன்ன தூரக் கணக்கெல்லாம் அதில் கலைந்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படத்துக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. 'ப்யார் கியா தோ டர்னா க்யா' 1960-லேயே வண்ணத்தில் எடுத்தது. மோகன் ஸ்டூடியோவில் போட்ட கண்ணாடி மாளிகை சுமார் 150 அடி நீளம், 80 அடி அகலம், 35 அடி உயரம். எந்த விளக்கைப் போட்டாலும் ஆயிரம் கண்ணாடித் துண்டில் அந்த விளக்கே தெரிந்தது. கண்ணாடிகளில் மெல்லிய மெழுகு பூசினார்கள். ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் அங்கங்கே துணிப் பட்டைகளைக் கட்டி, அவற்றில் மோதித் திரும்பும் ஒளியை வைத்துப் படமாக்கினார். அதைப் பார்த்துவிட்டு வண்ணமேற்றிய பகுதியைப் பாருங்கள். நிழலுக்குள் நிறம் எப்படி மங்க வேண்டும் என்பது ஒன்றில் தெரியும், மற்றதில் தெரியாது.

கலர்ஃபுல் கணேசன்
ஒளி பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஆனால் படம் பெட்டிக்குள் கிடப்பதைவிட பூச்சோடு ஓடுவது மேல் என்பதில் நான் மாறப்போவதில்லை. தமிழில் 'அக்பர்' என்று டப் செய்து 1961-இல் விட்டு, அது ஓடாமல் போனதையும் நினைவில் வையுங்கள். நல்ல படம் தானாக ஓடிவிடாது.

பல்லவி_அனுபல்லவி
ஐயா, நட்சத்திரங்களை மறந்துவிட்டு நட்டு போல்ட்டையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேட்னி மங்கை
நட்சத்திரங்களிலும் பார்க்க வேண்டியது நிறைய. மீனா குமாரியின் இடது கை சுண்டுவிரல் விபத்தில் சிதைந்தது. அதன்பின் படங்களில் அந்தக் கை துப்பட்டாவுக்குள்ளோ சேலைத் தலைப்புக்குப் பின்னாலோதான் இருக்கும். மறைக்கிறார் என்றே தோன்றாத அளவுக்கு அது அவருடைய பாவனையாகிவிட்டது. 'பாகீஸா' முடியும்போது அவர் கடும் நோயில் இருந்ததால் நடனத்தின் சில பகுதிகளை முகத்திரை போட்டு பத்மா கன்னா ஆடினார். படம் 1972 பிப்ரவரியில் வந்தது, மார்ச் 31-இல் மீனா குமாரி இறந்துவிட்டார்.

சாதனாவின் நெற்றி முடி 'லவ் இன் சிம்லா'வுக்காக (1960) அகலமான நெற்றியை மறைக்க வெட்டியது. பிறகு நாடு முழுக்க அதையே வெட்டிக்கொண்டார்கள். 'கோஹினூர்' படத்தில் திலீப் குமார் சிதார் வாசிக்கும் நெருக்கக் காட்சிக்கு இன்னொருவர் கையைக் காட்ட மறுத்து, உஸ்தாத் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானிடம் பழகிக்கொண்டு உட்கார்ந்தார். முகத்திலிருந்து விரலுக்குக் கேமரா வெட்டாமல் இறங்க முடிவது இப்படிப்பட்ட பயிற்சியால்தான்.

சிற்றலை சின்னத்தம்பி
திலீப் குமார் என்றதும் நம்மூர்க் கணக்கையும் எழுதிவிடலாம். கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 'மலைக்கள்ள'னை (1954) இந்தியில் 'ஆஸாத்' (1955) ஆக்கினார். எப்போதும் சோகம் சுமக்கும் திலீப் குமார் அதில் சிரித்துக்கொண்டே மாறுவேடம் போட்டார். பாட்டுகளை ஒரு மாதத்துக்குள் கேட்டதால் நௌஷத் மறுத்தார், சி. ராம்சந்திரா போட்டுக் கொடுத்தார். 'அப்லம் சப்லம்' பாட்டுக்கு ஆடும் இருவர் நம் சாயி, சுப்புலட்சுமி. அதே வருடம் எஸ்.எஸ். வாசனின் 'இன்சானியத்'தில் திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்தார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்த ஒரே படம் சென்னைத் தயாரிப்பு. வைஜயந்திமாலாவின் முதல் இந்திப் படம் 'பஹார்' (1951) ஏவிஎம்முடையது.

பல்லவி_அனுபல்லவி
'ராம் அவுர் ஷ்யாம்' (1967) மட்டும் விட்டுவிட்டீர்களே. அதுவும் நாகி ரெட்டி தயாரிப்பு, 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் கதை. கணினி இல்லாமல் இரட்டை வேடத்தை எப்படி ஒரே ஃபிரேமில் நிறுத்தினார்கள்?

நாலாவது ரீல்
அந்தக் காலத்தில் வழக்கமாகச் செய்த முறையைச் சொல்கிறேன். லென்சுக்கு முன்னாலுள்ள பெட்டியில் பாதியைக் கறுப்புத் தகட்டால் மூடி, இடப்பக்கம் ராமாக நடிக்கும்போது எடுப்பார்கள். பிறகு லென்சை முழுக்க மூடி அதே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, குறித்துவைத்த ஃபிரேமுக்குத் திரும்பக் கொண்டுவருவார்கள். தகட்டை மறுபக்கம் மாற்றி, நடிகர் ஒப்பனையும் உடையும் மாற்றிக்கொண்டு வலப்பக்கம் ஷ்யாமாக நடிப்பார். எதிராளி பேசும் இடைவெளி தவறாமலிருக்க ஒருவர் வசனத்தை வெளியிலிருந்து படிப்பார், அல்லது எண்ணிக்கை சொல்வார்.

கெட்டுப்போகும் இடங்கள்: கேமராவை யாராவது இடித்தால் அன்றைய வேலை போச்சு. ஆகவே முக்காலியைத் தரையோடு இறுக்கிவிடுவார்கள். ஃபிலிம் துளைகளில் ஊசி பதிந்து ஃபிரேமை அசையாமல் பிடிக்கும் மிட்செல் வகைக் கேமரா இல்லையென்றால், இரண்டு பாதியும் தனித்தனியாக நடுங்கி நடுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு முறைக்கும் நடுவில் மின்னழுத்தம் இறங்கினால் ஒரு பாதி இருண்டுவிடும். நடிகரின் கை கோட்டைத் தாண்டினால் விரல் வெட்டுப்பட்டு மறையும். அதனால்தான் இருவருக்கும் நடுவே ஒரு தூண், கதவு நிலை, திரைச்சீலை ஓரம் என்று ஏதாவது நேர்க்கோடு நிற்கும். சேர்ப்பு அங்கே ஒளிந்திருக்கும். இருவரும் கட்டிப்பிடிக்கிறார்கள் என்றால் ஒருவரின் முதுகு மட்டுமே தெரியும். அது வேறு ஆள்.

இசைத்தட்டு ஈஸ்வரன்
கடைசியாக, மேட்னி மங்கை தட்டிலிருந்து நேரடியாகப் பதிவெடுக்கும் எண்ணத்தில் இருந்தால் மூன்று விஷயம். எல்பி (நீண்ட நேரம் ஓடும் பிற்காலத் தட்டு) ஊசியை 78 சுழற்சித் தட்டில் வைக்க வேண்டாம். எல்பி ஊசி முனையின் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, 78-க்கு ஆயிரத்தில் சுமார் மூன்று பங்கு. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு வெறும் குப்பைச் சத்தத்தைத்தான் எடுக்கும். ஸ்பிரிட், ஆல்கஹால் எதையும் வைத்துத் துடைக்காதீர்கள், அரக்குத் தட்டு கரைந்துபோகும். காய்ச்சி வடித்த நீரில் மிதமான சோப்பு ஒரு சொட்டு, மென்மையான தூரிகை, பள்ளம் ஓடும் திசையிலேயே. நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. பிறகு, இப்போதைய பெருக்கிகள் எல்பிக்கான சமன் முறையில் உயர் ஓசையைக் குறைத்துவிடும். ஐம்பதுகளின் முற்பாதித் தட்டு அதில் மந்தமாக ஒலிக்கும். பதிந்த பிறகு மேல் ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, லதாவின் 'ஸ' உறுத்தத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள்.

மேட்னி மங்கை
குறித்துக்கொண்டேன். முதலில் சான்றிதழ் நீளத்தை வைத்து டிவிடிகளைப் பிரிக்கிறேன். பட்டியல் தயாரானதும் இங்கேயே போடுகிறேன், 90-ஆல் வகுத்த கணக்கோடு.